வாசகர் கேள்வி பதில்: மொதல்ல விடுதலை, அப்புறம்தான் கட்டளை

இந்த மாசம் வந்த லெட்டருங்க பெரும்பாலும் ஒரே விஷயத்தை சுத்தியே வந்திருக்கு. விசுவாசிச்சா போதுமா இல்ல ஏதாவது செய்யணுமா, விசுவாசிச்ச அப்புறமும் தப்பு பண்ணிட்டா என்ன ஆகும்னு. அதனால மத்த கேள்விங்களை அடுத்த இதழுக்கு தள்ளி வெச்சுட்டு இதையே எடுத்துக்கறேன். பேரு போட வேணாம்னு நிறைய பேர் கேட்டுக்கிட்டீங்க, ஏரியா மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி (காசிமேடு): ஐயா, நான் ஹார்பர்ல ஐஸ் லோடு ஏத்துற வேலை பாக்குறேன். மூணு வருஷம் முன்னாடி ஞானஸ்நானம் எடுத்தேன், அன்னிக்கே நீ இரட்சிக்கப்பட்டுட்டன்னு சொன்னாங்க. ஆனா குடியை விட முடியல. ஒரு மாசம் விடுவேன், கைக்கு காசு வந்தா கால் தானா டாஸ்மாக் பக்கம் போயிடுது. சபைல ஒரு அண்ணன் உனக்கு இரட்சிப்பு போயிடுச்சுங்கறாரு, இன்னொருத்தர் ஒரு தடவை கிடைச்சா போகவே போகாது நீ ஏன் கவலப்படறங்கறாரு. நான் யாரை நம்பறது?

பதில்: தம்பி, அவங்க ரெண்டு பேர் சொன்னதையும் கொஞ்சம் ஓரமா வை. மொதல்ல பைபிள்ல எது முன்னாடி வருது எது பின்னாடி வருதுன்னு பாரு, அதுலயே உன் கேள்விக்கு பாதி பதில் இருக்கு. யாத்திராகமம் 20-ல பத்து கட்டளை வருதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அந்த அதிகாரம் கட்டளையில ஆரம்பிக்கல, உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துலேர்ந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானேன்னு ஆரம்பிக்குது. எகிப்தை விட்டு கிளம்பின பஸ்கா ராத்திரி 12-ம் அதிகாரம், செங்கடலை கடந்தது 14, சீனாய் மலைகிட்ட வந்து சேர்ந்தது 19, அதுவும் மூணாம் மாசம், கட்டளை அதுக்கும் அப்புறம். எகிப்துல செங்கல் அறுத்து அடி வாங்கிட்டு இருந்த ஜனங்ககிட்ட போய், இந்த பத்தையும் ஒழுங்கா கைக்கொண்டு காட்டுங்க, பாஸ் பண்ணா வெளிய கூட்டிட்டு போறேன்னு தேவன் சொல்லவே இல்ல. கூட்டிட்டு வந்துட்டாரு, வந்த அப்புறம் இனிமே எப்படி வாழணும்னு சொல்லிக் கொடுத்தாரு. பவுல் எபேசியர் 2-ல எழுதறதும் இப்படித்தான். 8, 9 வசனத்துல கிருபையினால விசுவாசத்தை கொண்டு இரட்சிக்கப்பட்டீங்க, இது தேவனோட ஈவு, கிரியையினால வரல, அதனால யாரும் பெருமை பேச முடியாதுங்கறாரு, உடனே 10-ம் வசனத்துல நற்கிரியை செய்யறதுக்காகத்தான் நாம சிருஷ்டிக்கப்பட்டிருக்கோம்னு சொல்றாரு. நிறைய பேரு 9-லயே நிறுத்திடறாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

நம்ம வீட்டு ரேஷன் கார்டை எடுத்துக்க. அதுல ஒரு புள்ளையோட பேரு இருக்குன்னா அந்த வீட்டு புள்ளைங்கறதால இருக்கு, கடை வாசல்ல வரிசைல நின்னதால பேரு ஏறல. ஆனா வீட்டு புள்ளைனா அரிசி மூட்டையை தூக்கிட்டு வர்றதும் அவன்தானே, பேரு இருக்குல்ல நான் ஏன் தூக்கணும்னு கேட்டா அப்பனுக்கு மனசு எப்படி இருக்கும்.

இப்ப உன் விஷயத்துக்கு வரேன். நீ ஹார்பர்ல வேலை பாக்குறவன், யோவான் 21-ம் அதிகாரம் உனக்கு மத்தவங்களை விட நல்லாவே புரியும். பேதுரு உங்க தொழில்காரன். ஆண்டவரை தெரியாதுன்னு மூணு தடவை சொல்லிட்டு ஓடினவன், திரும்ப வலைக்கே போயிட்டான். ராத்திரி பூரா ஒண்ணும் மாட்டல. விடிகாலைல கரையில நின்ன இயேசு வலது பக்கம் போடுங்கன்னாரு, 153 பெரிய மீன், வலை கிழியல. கரைக்கு வந்து பாத்தா கரி நெருப்பு மேல மீனும் ரொட்டியும் ரெடியா இருக்கு, வாங்க சாப்பிடுங்கன்னு கூப்பிடறாரு. அந்த இடத்தை நிதானமா படி தம்பி. நீ ஏன்டா அப்படி பண்ணன்னு அவர் ஆரம்பிக்கல, சாப்பாடு போட்டாரு. சாப்பிட்ட அப்புறம் தான் என்னிடத்துல அன்பா இருக்கியான்னு மூணு தடவை கேட்டாரு, ஒவ்வொரு தடவையும் கையோட வேலையும் கொடுத்தாரு, என் ஆடுகளை மேய்ன்னு. மறுதலிச்சது ஒண்ணும் இல்ல விடுன்னு அவர் தள்ளி விடல, அந்த கேள்வி பேதுருவை துக்கப்படுத்துச்சுன்னு 17-ம் வசனத்துல இருக்கு. துக்கமும் படுத்துனாரு, துரத்தவும் இல்ல. உனக்கும் அவர் அப்படித்தான்.

அதனால, நீ விழறதை வெச்சு அவர் உன்னை விட்டுட்டாருன்னு நினைக்காத. நீதிமான் ஏழு தரம் விழுந்தாலும் திரும்ப எழுந்திருப்பான்னு நீதிமொழிகள் 24:16 சொல்லுது, பாவத்தை அறிக்கை பண்ணா மன்னிச்சு சுத்திகரிக்க அவர் உண்மையுள்ளவர்னு 1 யோவான் 1:9 சொல்லுது. அதே சமயம் கவலப்படாத குடின்னு சொல்றவர் பேச்சையும் கேக்காத. கிருபை பெருகட்டும்னு பாவத்துலயே இருக்கலாமான்னு ரோமர் 6-ல பவுலே கேட்டுட்டு, கூடாதேன்னு முகத்துல அடிச்ச மாதிரி பதில் சொல்றாரு. 1 கொரிந்தியர் 6-ல தேவனுடைய ராஜ்யத்தை சுதந்தரிக்க மாட்டாங்கன்னு போடற லிஸ்ட்ல வெறியர், அதாவது குடிகாரங்க, பேரும் இருக்கு, பயமாத்தான் இருக்கும், ஆனா அடுத்த வசனத்தையும் படி, உங்கள்ல சிலர் இப்படி இருந்தீங்க, ஆனா கழுவப்பட்டீங்கன்னு இருக்கு. கொரிந்து சபையில உக்காந்திருந்தவங்கள்லயே சிலர் அப்படி வந்தவங்கதான்.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். குடி ஒரு அளவுக்கு மேல போயிட்டா அது உடம்பை பிடிச்ச வியாதி, ஜெபம் பண்ணா போதும் டாக்டர்கிட்ட போனா விசுவாசக் குறைவுன்னு யாராவது சொன்னா நம்பாத. லூக்காவே வைத்தியர் தான், கொலோசெயர் 4:14-ல பிரியமான வைத்தியனாகிய லூக்கான்னு பவுல் எழுதறாரு. நாள் தவறாம நிறைய குடிச்சவங்க திடீர்னு ஒரே நாள்ல நிறுத்தினா கை நடுக்கம், ஃபிட்ஸ் வர வாய்ப்பு இருக்கு, உயிருக்கே ஆபத்து, அதனால டாக்டர் பாத்து தான் நிறுத்தணும். உனக்கு பக்கத்துலயே ஸ்டான்லி இருக்கு, மனநல பிரிவு ஓபில போய் உண்மையை சொல்லு, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைலயும் குடியை விட சிகிச்சை தராங்க. வர்ற காசை ஒரு ஆறு மாசம் உங்க அம்மா கையிலயோ அக்கா கையிலயோ அப்படியே கொடுத்துடு. ஆஸ்பத்திரி சீட்டு வாங்க வரிசைல நிக்கறது கூட உனக்கு கீழ்ப்படிதல் தான் தம்பி, மெய்யாலுமே சொல்றேன்.

கேள்வி (ராயபுரம்): பிரதர், எங்க அம்மா கத்தோலிக்கம். காலைல பூசை, சாயங்காலம் ஜெபமாலை, செவ்வாக்கெழமை அந்தோணியார் கோயில். தெருவுல யாருக்கு உடம்பு சரியில்லன்னாலும் கஞ்சி வெச்சு எடுத்துட்டு போவாங்க. நான் கல்யாணம் ஆகி வேற சபைக்கு போறேன். அங்க எல்லாரும் உங்க அம்மா கிரியையினால பரலோகம் போக பாக்குறாங்க, அது நடக்காது, அவங்க இரட்சிக்கப்படலங்கறாங்க. யாக்கோபு நிருபத்தை அம்மா காட்டறாங்க, ரோமரை நான் காட்டறேன், வீட்டுல ஒரே சண்டை.

பதில்: சகோதரி, மொதல்ல சண்டையை நிறுத்துங்க. ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கத்தை கிழிச்சு கையில வெச்சுக்கிட்டு நிக்கறீங்க.

பவுலும் சரி யாக்கோபும் சரி ஆபிரகாமை தான் காட்டறாங்க, ஆனா அவர் வாழ்க்கைல வேற வேற வருஷத்தை காட்டறாங்க. பவுல் ரோமர் 4-ல எடுக்கறது ஆதியாகமம் 15, வானத்து நட்சத்திரத்தை எண்ண முடியுமா பாருன்னு கர்த்தர் சொன்னதை ஆபிராம் விசுவாசிச்சாரு, அது அவருக்கு நீதியா எண்ணப்பட்டுச்சு. அப்ப அவருக்கு விருத்தசேதனமும் (உடன்படிக்கைக்கு அடையாளமா உடம்புல செய்யற சடங்கு) ஆகல, நியாயப்பிரமாணமும் (மோசே மூலமா வந்த சட்டம்) கிடையாது. விருத்தசேதனம் ஆனது 17-ம் அதிகாரத்துல, 99 வயசுல. பவுல் இந்த முன்ன பின்னையை வெச்சுத்தான் மொத்த வாதத்தையும் கட்டறாரு. யாக்கோபு எடுக்கறது ஆதியாகமம் 22, ஈசாக்கை பலிபீடத்து மேல வெச்ச நாள். அது நடந்தது ரொம்ப வருஷம் கழிச்சு. தேவன் முன்னாடி எப்படி நீதிமானா நிக்கறதுன்னு பவுல் கேக்கறாரு, நான் விசுவாசின்னு வாயில சொல்றவன்கிட்ட மெய்யாவே விசுவாசம் இருக்கான்னு யாக்கோபு கேக்கறாரு. துணி இல்லாம சாப்பாடு இல்லாம நிக்கற சகோதரனை பாத்து சமாதானமா போங்க, குளிர் காயுங்க, பசியாறுங்கன்னு வாயால சொல்லி அனுப்பிச்சா என்ன பிரயோஜனம்னு யாக்கோபு 2-ல இருக்கே, அதுக்கு கஞ்சி தூக்கு எடுத்துட்டு போற உங்க அம்மாவை விட நல்ல உதாரணம் உங்க தெருவுல வேற யாரு இருக்காங்க சொல்லுங்க. ஒருவனே தேவன்னு பிசாசுங்களும் தான் விசுவாசிக்குதுன்னு அதே அதிகாரம் 19-ம் வசனத்துல வருது, அது ரெண்டு பக்கத்துக்கும் உறைக்கணும்.

புராட்டஸ்டன்ட் சபைங்க உருவாக காரணமா இருந்த மார்ட்டின் லூத்தர் 1522-ல யாக்கோபு நிருபத்தை வைக்கோல் மாதிரின்னு எழுதினாரு, அதை நிறைய பேர் பிடிச்சுக்கறாங்க. ஆனா அதே 1522-ல ரோமருக்கு அவர் எழுதின முன்னுரைல, விசுவாசம்னா உயிரோட சுறுசுறுப்பா இருக்கற ஒண்ணு, அதால நன்மை செய்யாம சும்மா இருக்கவே முடியாதுங்கற அர்த்தத்துல எழுதியிருக்காரு. அப்புறம் 1999 அக்டோபர் 31, ஜெர்மனில ஆக்ஸ்பர்க் நகரத்துல கத்தோலிக்க சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் உக்காந்து ஒரு கூட்டறிக்கைல கையெழுத்து போட்டாங்க. நம்ம கிட்ட இருக்கற எந்த தகுதியாலயும் இல்ல, கிருபையினால மட்டுமே, கிறிஸ்துவோட மீட்பின் வேலையை விசுவாசிக்கறதால தேவன் நம்மள ஏத்துக்கறாரு, பரிசுத்த ஆவி நம்ம இருதயத்தை புதுசாக்கி நற்கிரியைக்கு நம்மள கூப்பிடறாருன்னு ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னாங்க. 2006-ல மெத்தடிஸ்ட் சபைகளும் சேந்துக்கிட்டாங்க. மாதா, புனிதர்கள், உத்தரிக்கிற ஸ்தலம் இதுல எல்லாம் வித்தியாசம் இன்னும் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா கத்தோலிக்கர்னாலே கிரியையினால பரலோகத்தை வாங்க பாக்குறவங்கன்னு மேடைல இன்னும் பேசறது நியாயமே இல்ல, அவங்க சபையே கையெழுத்து போட்டு சொன்ன விஷயத்தை மறைச்சு பேசற மாதிரி ஆகுது.

அம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க, சண்டைக்கு இல்லாம ஆசையா கேளுங்க, அம்மா நீ யாரை நம்பி படுத்து தூங்கறன்னு. இயேசுவைத்தான்னு அவங்க சொன்னா அப்புறம் நீங்க என்னத்த வாதாடப் போறீங்க. அடுத்த தடவை கஞ்சி தூக்கை நீங்க தூக்கிட்டு கூட நடங்க.

கேள்வி (கொருக்குப்பேட்டை): இயேசு பக்கத்துல சிலுவைல இருந்த கள்ளன் ஞானஸ்நானமே எடுக்கலயே, அப்ப நமக்கு மட்டும் ஏன்?

பதில்: அவன் எடுக்கல, எடுக்க வழியும் இல்ல, கையும் காலும் ஆணியில இருந்துச்சு. இன்னைக்கு நீ என்னோட பரதீசுல இருப்பன்னு லூக்கா 23:43-ல ஆண்டவர் சொன்னது, தண்ணியை விட அவர் பெரியவர்னு காட்டுது. ஆனா வழி இருந்தவங்க யாரும் அதை தள்ளிப் போடல. பிலிப்பி பட்டணத்து சிறைச்சாலைக்காரன், அப்போஸ்தலர் 16, ராத்திரி பூமி அதிர்ந்து கதவெல்லாம் திறந்துகிச்சு, கைதிங்க ஓடியிருப்பாங்கன்னு தன்னையே வெட்டிக்க போனவன், இரட்சிக்கப்பட நான் என்ன செய்யணும்னு நடுங்கிட்டு கேக்கறான், கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவை விசுவாசின்னு ஒரு வரி பதில். அதே ராத்திரி அவன், அங்க அடி வாங்கி கைதியா இருந்த பவுல், சீலா காயத்தை கழுவறான், குடும்பத்தோட ஞானஸ்நானம் எடுக்கறான், வீட்டுக்கு கூட்டிட்டு போய் சாப்பாடு போடறான். அடி வாங்கினவங்களை தொழுமரத்துல மாட்டி வெச்சவன் அவன்தான், விசுவாசிச்ச அப்புறம் அதே கை மொதல்ல செஞ்ச வேலை காயத்தை கழுவினது. எடுக்க வாய்ப்பு இருந்தா எடுங்க, கள்ளனை சாக்கா காட்டாதீங்க.

கேள்வி (வியாசர்பாடி): வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டறாரு. மாமியாருக்கு சுகர் மாத்திரை, ரெண்டு புள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ். தசமபாகம் (வருமானத்துல பத்துல ஒரு பங்கு) மொதல்ல எடுத்து வெக்கலன்னா சாபம் வரும்னு சபைல சொல்றாங்க, மல்கியா 3-ஐ காட்டறாங்க. போன மாசம் மாத்திரை வாங்காம காணிக்கை போட்டோம். மாமியாருக்கு சுகர் ஏறி ஆஸ்பத்திரி வரைக்கும் போயிடுச்சு. நான் கீழ்ப்படிஞ்சேனா, தப்பு பண்ணேனா?

பதில்: அம்மா, உங்க மேல எனக்கு கோவம் இல்ல, உங்களை அந்த நிலைமைக்கு தள்ளினவங்க மேல தான் கோவம் வருது. மாற்கு 7-ல இயேசு இதே விஷயத்துக்குத்தான் பரிசேயர்களை வெளுத்து வாங்கினாரு. தாய் தகப்பனுக்கு கொடுக்க வேண்டியதை கொர்பான், அதாவது தேவனுக்கு காணிக்கையா வெச்சுட்டேன்னு சொல்லிட்டா அவங்களுக்கு ஒண்ணும் செய்ய வேணாம்னு ஒரு பழக்கம் வெச்சிருந்தாங்க, உங்க பாரம்பரியத்தால தேவ வசனத்தையே அவமாக்கறீங்கன்னு சொன்னாரு. உங்க மாமியாரோட மாத்திரை காசு அவங்களோடது, அதை எடுத்து காணிக்கை பெட்டில போட சொல்ல யாருக்கும் உரிமை இல்ல. தன் வீட்டாரை விசாரிக்காதவன் விசுவாசத்தை மறுதலிச்சவன், அவிசுவாசியை விட கெட்டவன்னு 1 தீமோத்தேயு 5:8, இதை விட கடுமையா எப்படி எழுதறது.

மல்கியா 3-ஐ படிக்கறவங்க தசமபாகம் எதுக்கு போச்சுன்னும் சேத்து படிக்கணும். உபாகமம் 14:28, 29 பாருங்க, மூணாம் வருஷத்து தசமபாகத்தை ஊர் வாசல்ல வைக்கணும், சொந்த நிலம் இல்லாத லேவியன், அந்நியன், திக்கற்ற பிள்ளை, விதவை, இவங்க வந்து சாப்பிட்டு திருப்தியாகணும். ஏழைக்கு போக வேண்டிய பணத்தை ஏழைகிட்டயே மிரட்டி வாங்கறதுக்கு அந்த வசனம் எழுதப்படல. மல்கியால கூட அதே 3-ம் அதிகாரம் 5-ம் வசனத்துல, கூலிக்காரன் கூலியை பிடிச்சு வெக்கறவனுக்கும் விதவையை ஒடுக்கறவனுக்கும் விரோதமா நானே சாட்சியா நிப்பேன்னு கர்த்தர் சொல்றாரு, அதை யாரும் மைக்ல படிக்கறது இல்ல.

ரெண்டு காசு போட்ட ஏழை விதவையை காட்டுவாங்க, மாற்கு 12. காட்டட்டும். அதுக்கு முன்னாடி 40-ம் வசனத்துலயே விதவைகளின் வீடுகளை பட்சிக்கறவங்களை பத்தி இயேசு எச்சரிச்சிருக்காரு, ரெண்டும் பக்கத்து பக்கத்துல இருக்கு. புதிய ஏற்பாட்டுல சபைக்கு கொடுக்கறதை பத்தி நீளமா பேசற இடம் 2 கொரிந்தியர் 8, 9, அங்க சதவீதமே இல்ல. அவனவனுக்கு இருக்கறதுக்கு தக்கபடி, விசனமாவும் இல்ல கட்டாயமாவும் இல்ல, உற்சாகமா கொடுக்கறவனிடத்துல தேவன் பிரியமா இருக்கார்னு இருக்கு. நீங்க கொடுங்க, கொடுக்கறது நல்லது, கை மூடியே இருக்கறவன் கிறிஸ்துவை சரியா புரிஞ்சுக்கல. ஆனா மாத்திரை வாங்கி, ஃபீஸ் கட்டி, மீதி இருக்கறதுல பத்து ரூபாயோ நூறு ரூபாயோ சந்தோஷமா கொடுங்க. சாபம் வரும்னு பயந்துக்கிட்டு கொடுக்காதீங்க, கிறிஸ்து நமக்காக சாபமாகி நம்மள சாபத்துலேர்ந்து மீட்டுட்டாருன்னு கலாத்தியர் 3:13 இருக்கு. மாமியாரை கூட்டிட்டு செக்கப் போயிட்டு வாங்க மொதல்ல.

கேள்வி (தண்டையார்பேட்டை, வேலை பாரிஸ் கார்னர்ல): கிளியரிங் ஆபீஸ்ல டாக்குமென்ட் பாக்குறேன் அண்ணா. சில பார்ட்டிங்க சரக்குக்கு இன்வாய்ஸ் மதிப்பை குறைச்சு பில் ஆஃப் என்ட்ரி (கஸ்டம்ஸ் வரிக்காக தர்ற இறக்குமதி டாக்குமென்ட்) போட சொல்றாரு ஓனர். அவரும் கிறிஸ்தவர் தான். மாட்டேன்னா, வேலைக்காரரே உங்க எஜமான்களுக்கு கீழ்ப்படியுங்கள்னு எபேசியர் 6:5-ஐ எடுத்து காட்டறாரு. வீட்டு லோன் இருக்கு.

பதில்: தம்பி, உங்க ஓனர்கிட்ட இன்னும் நாலு வசனம் கீழ படிக்க சொல்லுங்க, 9-ம் வசனம் எஜமான்களுக்கு எழுதினது, பயமுறுத்தறதை விடுங்க, உங்களுக்கும் அவங்களுக்கும் ஒரே எஜமான் பரலோகத்துல இருக்காருன்னு. கீழ்ப்படிதல்ங்கற பேச்சு பைபிள்ல எங்க வந்தாலும் அதுக்கு ஒரு எல்லை கூடவே வரும். பிள்ளைங்க பெற்றோருக்கு கர்த்தருக்குள்ள கீழ்ப்படியணும், அதிகாரிங்க வாயை மூட சொன்னப்ப பேதுருவும் அப்போஸ்தலரும் மனுஷருக்கு கீழ்ப்படியறதை விட தேவனுக்கு கீழ்ப்படியறது அவசியம்னுட்டாங்க, அப்போஸ்தலர் 5:29. அதுக்கும் எவ்வளவோ காலம் முன்னாடி, பிறக்கற ஆம்பள குழந்தையை கொன்னுடுங்கன்னு பார்வோனே சொன்னப்ப சிப்பிராள், பூவாள்னு ரெண்டு மருத்துவச்சிங்க செய்யல. யாத்திராகமம் 1, ராஜா பேரு கூட அந்த அதிகாரத்துல இல்ல, இவங்க பேரு இருக்கு.

உங்க தொழிலுக்கே நேரா ஒரு வசனம் இருக்கு. யோவான் ஸ்நானகன்கிட்ட வரி வசூல் பண்ற ஆயக்காரங்க வந்து நாங்க என்ன செய்யணும்னு கேட்டாங்க, லூக்கா 3:12, 13. வேலையை விட்டுட்டு வனாந்தரத்துக்கு வாங்கன்னு அவர் சொல்லல. உங்களுக்கு கட்டளையிட்டதுக்கு மேல வாங்காதீங்கன்னாரு, அதே டேபிள்ல உக்காந்து நேர்மையா வேலை பாருங்கன்னு அர்த்தம். சகேயு எரிகோவுல ஆயக்காரங்களுக்கு தலைவன். ஏமாத்தி வாங்கினதை நாலு மடங்கா திருப்பி தரேன், சொத்துல பாதி ஏழைகளுக்குன்னான், அதை கேட்ட அப்புறம் இயேசு இன்னைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்துச்சுன்னாரு. அவன் காசு கொடுத்து இரட்சிப்பை வாங்கல, இயேசு தானா கூப்பிட்டு அவன் வீட்டுக்கு வந்துட்டாரு, அது வந்த வீட்டுல கணக்கு புத்தகம் மாறிடுச்சு.

தானியேல் மாதிரி பேசுங்க. ராஜாவோட சாப்பாடு வேணாம்னு முடிவு பண்ணிட்டு அவன் கத்தல, அதிகாரிகிட்ட பணிவா போய் பத்து நாள் சோதிச்சு பாருங்கன்னு ஒரு வழியை சொன்னான். நீங்களும் ஓனர்கிட்ட தனியா, மரியாதையா, சார் இந்த ஃபைலை மட்டும் என்னால போட முடியாது, மத்த வேலை எவ்வளவு வேணா தாங்க செய்யறேன்னு சொல்லுங்க. கஸ்டம்ஸ் ஆக்ட் 1962 படி பொய்யான டாக்குமென்ட்ல தெரிஞ்சே கையெழுத்து போட்டவன் மேலயே பெனால்டி வரும், ஓனர் சொன்னாருங்கறது அங்க எடுபடாது, இதையும் அவர்கிட்ட சொல்லுங்க, அவருக்கும் அது நல்லது தான். இப்பவே வேற ஆபீஸ்ல சொல்லி வைங்க. லோன் இருக்கறது எனக்கு தெரியுது, வேலை போனா கஷ்டம் தான், கீழ்ப்படிஞ்சவங்களுக்கு எப்பவும் உடனே நல்லது நடக்கும்னு நான் பொய் சொல்ல மாட்டேன், யோசேப்பு சரியானதை செஞ்சு தான் ஜெயிலுக்கு போனான். சபைல ரெண்டு பேர்கிட்டயாவது இதை சொல்லி வைங்க, தனியா சுமக்காதீங்க.

கேள்வி (திருவொற்றியூர்): எங்க வீட்டுல நான் மட்டும் தான் கிறிஸ்டியன். அப்பா சாமி கும்பிடறவர், ஆனா ஞாயித்துக்கெழமை ஆனா டிவிஎஸ் ஃபிஃப்டில என்னை சர்ச்ல விட்டுட்டு ஆராதனை முடியற வரைக்கும் வெளிய வேப்ப மரத்தடியில உக்காந்து பேப்பர் படிச்சிட்டு இருப்பாரு. போன மாசம் ஹார்ட் அட்டாக்ல போயிட்டாரு. ஜெபக்கூட்டத்துல ஒருத்தங்க உங்க அப்பா நரகத்துல இருக்காருன்னு நேராவே சொல்லிட்டாங்க. தூக்கமே வரல. காரியத்துக்கும் போகலாமா கூடாதான்னு தெரியல.

பதில்: அம்மாடி, உன் லெட்டரை படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுத முடியல. மொதல்ல இதை சொல்றேன், உன்கிட்ட அப்படி சொன்னவங்களுக்கு அந்த தீர்ப்பை சொல்ற அதிகாரத்தை யாரும் கொடுக்கல. கர்த்தர் வர்ற வரைக்கும், காலத்துக்கு முன்னாடி எதை பத்தியும் தீர்ப்பு சொல்லாதீங்க, இருளில் மறைஞ்சிருக்கறதையும் இருதயத்து யோசனையையும் வெளிச்சத்துக்கு கொண்டு வர்றது அவர்தான்னு 1 கொரிந்தியர் 4:5.

இயேசு இல்லாம வேற ஒருவராலயும் இரட்சிப்பு இல்லன்னு அப்போஸ்தலர் 4:12 இருக்கு, அதை நான் விசுவாசிக்கறேன், உனக்காக அதை நீட்டி மடக்கி மாத்தி சொல்ல மாட்டேன், நீயும் அதை கேக்கலன்னு தெரியும். ஆனா யாரால இரட்சிப்புன்னு அந்த வசனம் சொல்லுது, உங்க அப்பாவோட கடைசி நிமிஷத்துல அந்த இருதயத்துக்குள்ள என்ன நடந்துச்சுன்னு அது சொல்லல, அது தேவன் ஒருத்தருக்குத்தான் தெரியும். சிலுவைல இருந்த கள்ளனுக்கும் ஆண்டவருக்கும் நடந்த பேச்சு ரெண்டே வரி, லூக்கா எழுதி வெக்கலன்னா அவன் வீட்டுக்காரங்களுக்கு அது தெரிஞ்சே இருக்காது. சோதோமுக்காக ஆபிரகாம் 50 பேர்ல ஆரம்பிச்சு 10 வரைக்கும் இறங்கி இறங்கி மன்றாடினப்ப அவர் எதை பிடிச்சுக்கிட்டு பேசினாரு, சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாதிருப்பாரோன்னு தான் கேட்டாரு, ஆதியாகமம் 18:25. நீயும் அதையே பிடிச்சுக்க. செத்துப்போன லாசருவோட கல்லறைக்கு போன இயேசுவே கண்ணீர் விட்டாரு. நீயும் அழு, அழறது விசுவாசக் குறைவு இல்ல.

காரியத்துக்கு போ. அம்மா பக்கத்துல நில்லு, சமையக்கட்டுல வேலை பாரு, வந்தவங்களுக்கு இலை போடு. படையல் முன்னாடி விழுந்து கும்பிடறதை மட்டும் நான் செய்யல அம்மா, அப்பா மேல மரியாதை இல்லாம இல்லன்னு முன்னாடி நாளே மெதுவா சொல்லிடு, அன்னிக்கு எல்லார் எதிர்லயும் சொல்லாத. நாகமான்னு சீரியா படைத்தலைவன், குஷ்டம் சுகமான அப்புறம் எலிசாகிட்ட, இனிமே கர்த்தரைத் தவிர வேற யாருக்கும் பலி போட மாட்டேன், ஆனா என் ராஜா ரிம்மோன் கோயிலுக்கு போகும்போது என் கையில சாஞ்சுக்கிட்டு போவாரு, நானும் குனிய வேண்டி வரும், கர்த்தர் மன்னிக்கணும்னு கேட்டான். சமாதானத்தோட போன்னு எலிசா அனுப்பினாரு, 2 இராஜாக்கள் 5. வீட்டுல ஒத்த ஆளா விசுவாசத்துல நிக்கற கஷ்டம் தேவனுக்கு புரியும்மா. இனிமே ஞாயித்துக்கெழமை உன்னை யார் கூட்டிட்டு போவாங்கன்னு நீ எழுதல, உங்க சபைல இருக்கற பெரியவங்க யாராவது இதை படிச்சா அந்த பொண்ணை கவனிங்க.

கேள்வி (ஓட்டேரி, பத்தாவது படிக்கற மாணவன்): பைபிளை ஆதியாகமத்துலேர்ந்து ஆரம்பிச்சு லேவியராகமத்துல நின்னுடறேன். தமிழும் கஷ்டமா இருக்கு. எங்கேர்ந்து படிக்கறது?

பதில்: லேவியராகமத்துல நிறைய பேர் நின்னுடறாங்கப்பா, பரவால்ல. மாற்குல ஆரம்பி, 16 அதிகாரம் தான், இயேசு என்ன செஞ்சாருன்னு வேகமா சொல்லிட்டு போகும். அதுல 9:24-ல, விசுவாசிக்கிறேன் ஆண்டவரே என் அவிசுவாசம் நீங்க உதவி செய்யும்னு ஒரு அப்பா அழுதுகிட்டே சொல்றாரு பாரு, அங்க கொஞ்சம் நில்லு. அப்புறம் யாத்திராகமம் 1-லேர்ந்து 20 வரைக்கும், அப்புறம் எபேசியர், யாக்கோபு, ரெண்டும் சேத்து 11 அதிகாரம். தமிழ் கஷ்டமா இருக்கறதுக்கு காரணம் நீ வெச்சிருக்கற மொழிபெயர்ப்பு 1871-ல வந்தது. அதுக்கும் முன்னாடி தரங்கம்பாடில ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1715-ல புதிய ஏற்பாட்டை அச்சடிச்சு முடிச்சாரு, அப்புறம் உங்க வீட்லேர்ந்து நடந்து போற தூரம், வேப்பேரி, அங்க இன்னொரு ஜெர்மன் மிஷனரி பெப்ரீஷியஸ் வருஷக்கணக்கா உக்காந்து திருத்தி திருத்தி மறுபடி மொழிபெயர்த்தாரு. ஒவ்வொரு காலத்துலயும் அப்ப இருந்த ஜனங்களுக்கு புரியணும்னு தான் பண்ணாங்க, அதனால இப்ப எளிய தமிழ்ல வர்றதை நீ தாராளமா படிக்கலாம், பாட்டி திட்டினா நான் சொன்னேன்னு சொல்லு. ஒரு நோட்டு போட்டு, புரியாத வசனத்தை எழுதி வை, பரீட்சை முடிஞ்சதும் எனக்கு அனுப்பு.